சுவாப் பெண்கள் காத்திருக்கிறார்கள்

கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று ஒரு தடவை பெயர் வாங்கிவிட்டால் தீர்ந்தது. லம்பாசாவில் எங்கள் தெருவில் எது கெட்டாலும் என் வாசலுக்குத்தான் வரும். அயர்ன் பாக்ஸ், தண்ணி மோட்டார், டிவி ரிமோட், ஒரு தடவை தையல் மெஷின்கூட. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார்தானே, மெஷின் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்பது இவர்கள் நினைப்பு. தெரியாது என்று சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். கரும்பாலை ஓடுகிற கடைசி வாரங்கள். புகைபோக்கியிலிருந்து பறந்து வருகிற கரி கொடியில் கிடக்கிற துணியிலெல்லாம் புள்ளி வைத்துவிடும். என் மனைவி சந்திரவதி ஆலைக்காரனைத் திட்டிக்கொண்டே வெள்ளை விரிப்புகளை உருவிக்கொண்டிருந்தாள். மீன் டின்னும் ரொட்டியும் சாப்பிட்ட கனத்தில் நான் கொஞ்சம் கண்ணயரலாம் என்று பாயை உதறியபோது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சுபாஷ்னி கத்தினாள்.

"மாஸ்டர்! கொஞ்சம் வந்துட்டுப் போங்க! எங்க வீட்டு மெஷினுக்குள்ள பொம்பளைங்க புகுந்துட்டாளுங்க!"

"பொம்பளைங்களா?"

"ஒருத்தி ரெண்டு பேர் இல்ல. ஒருத்தியை விரட்டுனா இன்னொருத்தி வர்றா. எல்லாரும் எங்க வீட்டு மகராஜனைத்தான் தேடுறாளுங்க."

சந்திரவதி கையிலிருந்த விரிப்பை அப்படியே வேலியில் போட்டாள். "இருங்க, நானும் வரேன்" என்றாள். கூப்பிட்டால் குடத்தைத் தூக்கக்கூட வரமாட்டாள், இதற்குப் பறந்து வருகிறாள்.

சுபாஷ்னியின் புருஷன் தினேஷ்வருக்கு ஒரு பழைய லாரி இருந்தது. வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவில் சேம்பு மாதிரியான தாலோக் கிழங்கு போட்டிருந்தார்கள். இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற, அக்கம்பக்கத்தில் விளைகிற யங்கோனா வேரையும் வாங்கிச் சேர்த்து மூட்டை கட்டி, மாதம் இரண்டு தடவை சவுசவு துறைமுகம்வரை லாரியில் போய், அங்கே கப்பலில் லாரியோடு ஏறி, கடலுக்கு அந்தப் பக்கத்துத் தலைநகரமான சுவாவின் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வருவான். குடும்பம் ஓடுவது அதில்தான். மகள் ரோஷ்லின் ஆக்லாந்தில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். ஞாயிறு சாயங்காலம் அம்மாவும் மகளும் முகம் பார்த்துப் பேசுவதற்கென்று அவள் வாங்கி அனுப்பியதுதான் அந்தக் கம்ப்யூட்டர். சுபாஷ்னி அதற்கு லேஸ் வைத்து உறை தைத்துப் போட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் ரோஜாவும் வைத்திருந்தாள்.

நாங்கள் போனபோது தினேஷ்வர் முன்கூடத்துப் பாயில் யங்கோனாவைக் கரைத்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். யங்கோனாவை எவனும் தனியாகக் குடிக்கமாட்டான். குடிக்கிறான் என்றால் வீட்டில் ஏதோ சரியில்லை. கதவோரம் ஒரு பெட்டி, கயிறு போட்டுக் கட்டி, தயாராக இருந்தது.

"இது யாருக்கு?" என்றேன்.

"எனக்குத்தான்" என்றாள் சுபாஷ்னி. "நாளைக்குக் காலைல பஸ்ஸுக்கு சியாங்காங்கா போறேன், எங்க அண்ணன் வீட்டுக்கு. ஆனா இன்னிக்கு சாயங்காலம் ரோஷ்லின் கூப்பிடுவா. அவ கண்ணுல இந்தக் கண்றாவி படக்கூடாது. அதைச் சுத்தம் பண்ணிக் குடுத்துருங்க மாஸ்டர், நான் போயிடறேன்."

"என்னப்பா தினேஷ்வர் இது?"

அவன் சிரட்டையைக் கீழே வைத்தான். "என்னைக் கேட்டா? அந்தப் பொட்டியை எப்படி எழுப்புறது, எப்படித் தூங்க வைக்கிறதுன்னே எனக்குத் தெரியாது. அவதான் அதுக்குச் சாமி கும்பிடறா."

"அவர்கிட்ட சொல்லுங்க மாஸ்டர்," என்று சுபாஷ்னி என்னைப் பார்த்தே பேசினாள், "தெரியாதவரைத் தேடி எவளும் வரமாட்டான்னு சொல்லுங்க."

"அவகிட்ட சொல்லுங்க மாஸ்டர், வர்றவளுகளைக் கையில பிடிச்சு நிறுத்தி வெக்கட்டும், நானும் பாக்கறேன்."

இப்படி ஒரு வாரமாக நடக்கிறதாம். எனக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது.

மெஷினைத் திறந்தேன். திரை வெளிச்சமானதும் மூலையில் ஒரு கட்டம் குதித்தது. சிவப்புச் சட்டை போட்ட வெள்ளைக்காரி ஒருத்தி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். 'சுவாவில் தனிமையில் இருக்கும் பெண்கள் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். இப்போதே பேசுங்கள்.' அதை மூடினேன். இன்னொருத்தி. 'சுவாவிலிருந்து மெலிஸா. நீங்கள் எப்போது வருவீர்கள்?' மூடினேன். மூன்றாவது வந்தவள் குளித்துவிட்டுத் துண்டோடு நின்றாள்.

சந்திரவதி "அடி ஆத்தி!" என்று முந்தானையை வாயில் வைத்தாள். வைத்தாளே தவிர கண்ணை எடுக்கவில்லை.

"தங்கச்சி, இந்த வெள்ளைக்காரிகளா இவனுக்காகக் காத்திருக்காளுங்க?" என்றேன். "இவன் மூஞ்சியைப் பாத்துப் பேசு. கிழங்கு மூட்டை தூக்கித் தூக்கித் தோளே கோணிப்போச்சு."

"மூஞ்சி யாருக்கு வேணும்? நான் மூஞ்சியைப் பத்தியா சொன்னேன்? ஊரைப் பாருங்க! சுவான்னு எழுதியிருக்கா இல்லையா?"

"இருக்கு."

"இந்த மெஷின் லம்பாசாவுல என் வீட்டுக்குள்ள இருக்கு. வாங்குனதுலேருந்து வாசப்படி தாண்டுனது கெடையாது. இதுக்கு சுவா எப்படித் தெரியும்? மெலிஸாவுக்கு இவர் வந்துட்டுப் போறவர்னு யார் சொன்னது? எப்ப வருவீங்கன்னு கேக்கறாளே, நான் வருவேனான்னா கேக்கறா? இந்தத் தெருவுல சுவா போறவர் இந்த ஒரு ஆள்தானே!"

சொல்லி முடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோர்ட்டில் வக்கீல்கூட இப்படிக் கேட்கமாட்டான். தினேஷ்வர் முன்கூடத்திலிருந்து, "அதான் மாஸ்டர், எனக்கும் புரியலை. நெஜமாவே நானா எதையாச்சும் பண்ணித் தொலைச்சேனான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு" என்றான். பாவம், அந்த மனுஷன் தன்னையே சந்தேகப்படுகிற அளவுக்கு வந்துவிட்டான்.

விஷயம் வேறொன்றுமில்லை. எங்கள் தீவில் எந்த மூலையிலிருந்து இன்டர்நெட்டில் நுழைந்தாலும் லைன் சுவா வழியாகத்தான் போகும். வெளியே இருக்கிறவனுக்கு நாங்கள் எல்லோருமே சுவாக்காரர்கள். விளம்பரம் போடுகிற திருடன் அந்த ஊர்ப் பெயரை எடுத்துப் படத்துக்குக் கீழே ஒட்டிவிடுகிறான். இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "என் வீட்டு மெஷினும் அப்படித்தான் தங்கச்சி. மழை வருமான்னு கேட்டா சுவா மழையைத்தான் சொல்லும். நான் சுவா போயி எத்தனையோ வருஷமாச்சு" என்றேன்.

பின்னாலிருந்து சந்திரவதி, "அப்படியா? நம்ம மெஷினும் சுவான்னா சொல்லுது? எங்கிட்ட நீங்க சொன்னதே இல்லையே?" என்றாள்.

"மழையைத்தான் சொல்லுதுன்னேன்."

"மழைதான்னு நீங்க சொல்றீங்க" என்றாள் என் தர்மபத்தினி. இந்த நோய் இப்படித்தான் வேலி தாண்டும். நான் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

முதலில் டெலிபோன் ஒயரைப் பிடுங்கினேன். வெளியிலிருந்து புதிதாக எதுவும் உள்ளே வரக்கூடாது. பிறகு உள்ளே குடியேறியிருந்தவைகளைத் தேடினேன். வானிலை சொல்கிறேன் என்று ஒன்று, கூப்பன் தருகிறேன் என்று ஒன்று, ரக்பி ஸ்கோர் சொல்கிறேன் என்று ஒன்று. யாரும் கூப்பிடாமல் வந்து உட்கார்ந்து சாப்பிடுகிற ஜாதி. ஒவ்வொன்றாகப் பிடித்து நீக்கி, மெஷினை அணைத்துத் திரும்பப் போட்டேன். திரை வந்தது. சுத்தமாக இருந்தது. சுபாஷ்னி பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சு முடிவதற்குள் மூலையில் மெலிஸா.

"லைனைப் பிடுங்கியும் வர்றாளே!" என்றாள் சந்திரவதி.

"இது கிளைகள். தாய் ஒண்ணு எங்கியோ ஒளிஞ்சிருக்கு. வெட்ட வெட்ட அது முளைக்க வெக்குது. தங்கச்சி, யாராச்சும் இதுல எதையாவது புதுசா இறக்குனீங்களா? பாட்டு, விளையாட்டு, இலவசம்னு போட்டிருக்கிற ஏதாச்சும்?"

"எனக்கு என்ன தெரியும்? நான் ரோஷ்லின்கூடப் பேசறதோட சரி."

"உன்னைத் தவிர யாரும் தொடறதில்லேன்னு அவன் சொல்றான்."

"அவர் சொல்லுவார்." கையைத் தன் பாவாடையில் துடைத்தாள். கையில் ஈரமே இல்லை. "மாஸ்டர், வெயில்ல வந்தீங்க, எலுமிச்சைத் தண்ணி கொண்டுவரேன்" என்று அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு தினேஷ்வர் எழுந்துவந்து என் பக்கத்தில் நின்றான். "மாஸ்டர், இது இந்த ஒரு வாரத்துச் சண்டை இல்ல. இது வேற" என்றான் மெதுவாக. "சுவா மார்க்கெட்ல உமா லதான்னு ஒரு பொம்பளை கடை வெச்சிருக்கா. புருஷன் செத்துப்போயிட்டான். என் கிழங்கை அவதான் வாங்கறா. ஒருநா அவ போட்ட மீன் குழம்பு நல்லாருந்துச்சுன்னு வீட்டுல வந்து சொல்லித் தொலைச்சேன். அன்னைலேருந்து எனக்கு இந்த வீட்டுல மீனே கெடையாது."

"ஏன்யா, இத்தனை வருஷம் குடும்பம் நடத்துறவன் அதை வந்து வீட்டுல சொல்லுவானா?"

"மனசுல ஒண்ணும் இல்லாததாலதானே மாஸ்டர் சொன்னேன்!"

அது நியாயமான பேச்சு. ஆனால் எந்தப் பெண்பிள்ளையிடம் அந்த நியாயம் எடுபடும்?

மெஷினைப் பாதுகாப்பு முறையில் எழுப்பினேன். அப்படி எழுப்பினால் அவசியமானது மட்டும்தான் விழிக்கும், மற்றவை தூங்கிக்கிடக்கும். தூங்குகிறபோது பிடிப்பது சுலபம். மூலை முடுக்கெல்லாம் துழாவியதில் ஒன்று அகப்பட்டது. 'வீட்டுத் தோழி' என்று பெயர். கோலப்புத்தகம் மாதிரி பூப்போட்ட சின்னம். பெயரைப் பார்த்தால் சமையல் குறிப்பு என்று தோன்றும். தாய் இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீக்கு என்று அழுத்தினேன்.

திரை முழுக்க ஒரு பெரிய கட்டம் விரிந்தது. கண்ணீர் வடிக்கிற ஒரு பெண்ணின் படம். கீழே கொட்டை எழுத்து. நான் மறைப்பதற்குள் தினேஷ்வர் குனிந்து, எழுத்துக் கூட்டி, உரக்கப் படித்துவிட்டான்.

"'போகாதீர்கள் தோழி! உங்கள் கணவர் யாருடன் பேசுகிறார், என்ன எழுதுகிறார் என்று அறியத்தான் எங்களை அழைத்தீர்கள். இப்போது அவரை முழுமையாக நம்புகிறீர்களா?'"

அடுக்களை வாசலில் சுபாஷ்னி தட்டில் நான்கு டம்ளரோடு நின்றிருந்தாள். சந்திரவதி போய்த் தட்டை வாங்கிக்கொண்டாள்.

"நீயா?" என்றான் தினேஷ்வர்.

அவள் திரையைப் பார்த்தாள்.

"என்னை வேவு பாக்க நீதான் இதைக் கூட்டிட்டு வந்தியா? நீ கூட்டிட்டு வந்த சனியன்தான் இந்தப் பொம்பளைங்களையெல்லாம் கூட்டிட்டு வந்துச்சா? ஒரு வாரமா எனக்குச் சோறு போடாம, மூஞ்சி பாக்காம, பொட்டி கட்டி வெச்சு..." என்னைப் பார்த்து, "மாஸ்டர், நான் அந்தப் பொட்டியைத் தொட்டதே இல்ல. தொடாதவனை எப்படி மாஸ்டர் வேவு பாப்பா?" என்றான்.

"அது எனக்குத் தெரியுமா?" என்று வெடித்தாள் சுபாஷ்னி. "உங்கள் கணவரின் ரகசியம் அறிய இலவசம்னு போட்டிருந்துச்சு. அழுத்துனேன். அழுத்துனா என்ன இப்ப? அது உங்களைப் பத்தி ஒண்ணுமே சொல்லலை. ஒண்ணும் இல்லேன்னு சொல்லியிருந்தாலாச்சும் நிம்மதியா இருந்திருப்பேன். அப்புறம்தான் இவளுங்க வர ஆரம்பிச்சாளுங்க. ஓஹோ, இதுதான் அது சொல்ற ரகசியம்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

திரையில் இரண்டு பட்டன்கள் இருந்தன. பச்சையாக, பெரியதாக ஒன்று: 'இல்லை, தொடர்ந்து கண்காணியுங்கள்.' சாம்பல் நிறத்தில், கண்ணுக்கே தெரியாத மாதிரி இன்னொன்று: 'ஆம், நம்புகிறேன். நீக்குங்கள்.'

"தங்கச்சி, இந்தச் சின்னதை அழுத்து. போயிரும். உன் வீட்டு மெஷின், நீயே பண்ணிரு" என்றேன்.

அவள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மௌஸைப் பிடித்தாள். படித்தாள். கையை எடுத்துவிட்டாள்.

"நம்பறேன்னு எழுதியிருக்கு."

"அது சும்மா பட்டன்மா."

"பட்டன்னா? என்ன எழுதியிருக்கோ அதுதானே அர்த்தம்? பொய் சொல்லச் சொல்றீங்களா? பாதி நம்பறேன்னு ஒண்ணு இல்லையா?"

"கேட்டீங்களா மாஸ்டர்!" தினேஷ்வர் என் பக்கம் திரும்பினான். "ஒரு பட்டனை அழுத்தக்கூட இவளுக்கு மனசு வரலை. போகட்டும். சியாங்காங்கா போகட்டும். நானே பஸ் ஏத்தி விடறேன்."

"உமா லதா உங்களுக்கு யாரு?" என்றாள் சுபாஷ்னி. ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவனை நேரே பார்த்துக் கேட்டாள். "மாஸ்டர் இருக்கார், சந்திரா அக்கா இருக்காங்க. சொல்லுங்க."

"யாரும் இல்ல. கிழங்கை எடை போட்டு வாங்குவா. மத்தியானம் ஒரு தட்டு சோறு போடுவா. கப்பல்ல அலை அடிச்சுதா, கொஞ்சமாச்சும் தூங்குனியான்னு கேப்பா. அவ்வளவுதான். அதைக் கேக்க ஒரு ஆள் இருக்கேன்னு எனக்குச் சந்தோஷமா இருக்கும். பொய் சொல்லலை, சந்தோஷமாத்தான் இருக்கும். திரும்பி வந்து இந்த வீட்டுல இறங்குனா நீ என்ன கேக்கற? எவகூடப் பேசுனீங்கன்னு கேக்கற. வாசல்ல நீ நிக்கறது தூரத்துலேருந்தே தெரியும். என்னைப் பாக்கவா நிக்கற? சட்டையை மோந்து பாக்க நிக்கற."

"ஆமா, மோந்து பாத்தேன்! பாப்பேன்!" நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "கப்பல்ல அலை அடிச்சுதான்னு நான் எப்படிக் கேப்பேன்? அந்தக் கப்பலை நான் பாத்திருக்கேனா? மழையில சரிவுல ஏறி கிழங்கு பிடுங்கறது நான். வேர் அரிஞ்சு, தண்டு வெட்டி, மண்ணுபோக அலசறது நான். மூட்டைக்கு வாய் தைக்கறது நான், கை பாருங்க, ஊசி குத்தாத எடம் இருக்கா? நான் தச்ச வாயை அங்க அவ பிரிக்கறா. கிழங்கு நல்லாருக்குன்னு சொல்றா. யார்கிட்ட? உங்ககிட்ட. நீங்க சிரிச்சுக்கிட்டு வாங்கிக்கறீங்க. ஒரு தடவையாச்சும் அந்த வார்த்தையை எனக்குக் கொண்டுவந்து குடுத்தீங்களா? குழம்பு நல்லாருந்துச்சுன்னு மட்டும் கொண்டுவந்தீங்க!"

தெருக்கோடியில் கரும்பு ரயில் தடதடத்துப் போனது. சந்திரவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தினேஷ்வருக்கு அது புதுச் செய்தி என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கும்தான்.

"அவ சொன்னா" என்றான் கடைசியில். "ஒவ்வொரு தடவையும் சொல்லுவா. லம்பாசாக் கிழங்குல உன் கிழங்குக்குத்தான் மண்ணே இருக்காதும்பா. எனக்கு அதை வந்து சொல்லணும்னு தோணலை. உனக்குத் தெரியும்தானேன்னு விட்டுட்டேன்."

"எனக்கு எப்படித் தெரியும்?"



சுபாஷ்னி திரும்ப உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சினாள். சாம்பல் பட்டனை, ஏதோ மூட்டைப்பூச்சியை நசுக்குகிற மாதிரி, ஒரே அழுத்து அழுத்தினாள். "நம்பலை. ஆனா இந்தக் கழுதை போகட்டும்" என்றாள்.

அதுவும் சுலபத்தில் போகிற கழுதையில்லை. இன்னொரு கட்டம் வந்து நின்றது. 'எங்களை ஏன் நீக்குகிறீர்கள்? ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுங்கள்.' நான் படித்தேன்: "கணவர் திருந்திவிட்டார்."

"தப்பு பண்ணாத்தானே திருந்தறதுக்கு" என்றான் தினேஷ்வர்.

"கணவர் பிரிந்து போய்விட்டார்."

"அடுத்தது" என்றாள் சுபாஷ்னி.

"அவரைப் பற்றி எனக்கு இப்போது அக்கறையில்லை."

"யாருக்கு அக்கறையில்லை? இந்தக் கழுதை யாரு அதைக் கேக்க? அடுத்தது படிங்க மாஸ்டர்."

"வேறு காரணம். இதுல நாமே எழுதணும்."

"அது குடுங்க."

விசைப்பலகையை முன்னால் இழுத்துக்கொண்டாள். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தினாள். நடுவில் ஒரு தடவை அழித்தாள். சந்திரவதி அவள் தோள்மேல் சாய்ந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். 'இனி நானே கூடப் போகிறேன்' என்று எழுதியிருந்தாள். முற்றுப்புள்ளிகூட வைத்தாள். பிறகு அழுத்தினாள்.

கட்டம் மறைந்தது. மெஷினை அணைத்துப் போட்டேன். காத்திருந்தோம். திரையில் ரோஷ்லின் பட்டம் வாங்குகிற படம் மட்டும் இருந்தது. மெலிஸா வரவில்லை, துண்டுக்காரியும் வரவில்லை.

தினேஷ்வர் இன்னும் அந்த இடத்திலேயே நின்றிருந்தான். "எங்க கூடப் போற?" என்றான்.

"வியாழக்கிழமை கப்பலுக்கு. சுவாவுக்கு. வேற எங்க?"

"முன் சீட்டுல ஸ்பிரிங் குத்தும்."

"குத்தட்டும்."

"உனக்குக் கப்பல் ஒத்துக்காதுடி. அந்தத் தண்ணி உனக்குத் தெரியாது. ராத்திரி முழுக்க ஆடும். வாந்தி எடுப்ப."

"எடுத்தா நீங்க தலையைப் பிடிச்சுக்கங்க" என்றாள் சுபாஷ்னி. "அங்க போயி மூட்டையை நான்தான் பிரிப்பேன். அவ எடை போடட்டும்."